எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது? – பாராமோட்டார் குறித்து வாசகர் கேள்விகள்

முதுகில் மோட்டாரும் தலைக்கு மேல் துணிச் சிறகுமாகக் கடற்கரையில் பறக்கும் பாராமோட்டார் பற்றி ராமநாதபுரம் மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக ஆக்கியிருக்கிறோம்.

கேள்வி (மண்டபம் வாசகர்): விசைப்படகு இழுத்துச் செல்ல, பாராசூட்டில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பாராமோட்டார் என்பதும் அதுதானா?

பதில்: அது பாராசெயிலிங். அதில் எதையும் இயக்கவோ திருப்பவோ பயணியால் முடியாது. இழுவைக் கயிறும் படகை ஓட்டுபவரின் கவனமும்தான் அவருடைய உயிர். மலைச்சரிவிலிருந்து மோட்டார் இல்லாமல் புறப்படுவது பாராகிளைடர். அதே வகைச் சிறகோடு 20 முதல் 35 கிலோ வரை எடையுள்ள இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினையும் பின்புறம் ஒரு விசிறியையும் சேர்த்தால் பாராமோட்டார் ஆகிறது. சமதரையிலிருந்தே மேலெழும்ப முடியும் என்பதால்தான் மலையே இல்லாத கடலோரத்துக்கும் இது வந்து சேர்ந்திருக்கிறது. பயணியை ஏற்றிச் செல்லும்போது பெரும்பாலும் மூன்று சக்கர வண்டியில் பொருத்தி ஓட்டுகிறார்கள்.

கேள்வி (ராமநாதபுரம் வாசகி): பொறியியல் படிக்கும் என் மகன் பாராமோட்டார் கற்கப் போவதாகச் சொல்கிறான். மேலேயிருந்து விழுந்துவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. "விழுவதெல்லாம் அபூர்வம், அம்மா" என்கிறான். அவன் சொல்வது சரிதானா?

பதில்: பாதி சரி. மீதிப் பாதி அவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். அமெரிக்கப் பாராமோட்டார் ஓட்டிகள் 1995 முதல் 2012 வரை தாமாக முன்வந்து அளித்த 384 விபத்து அறிக்கைகளை ஆராய்ந்து, 2014-இல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியானது. சுழலும் விசிறியில் உடல் படுவதே காயங்களுக்கு முதன்மைக் காரணம் என்றும், பெரும்பாலும் தரையில் எஞ்சினைக் கிளப்பும் வேளையில் அது நேர்கிறது என்றும் அந்த ஆய்வு கண்டது. மோட்டார் இல்லாத பாராகிளைடரில் கால்களும் முதுகெலும்பும்தான் முதலில் அடிபடும். பாராமோட்டாரிலோ கைகளுக்குத்தான் முதலிடம்; கால்கள் அதற்கு அடுத்துத்தான் வருகின்றன.

நடப்பது இதுதான். எஞ்சின் தரையில் நிற்கிறது. ஓட்டி ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிறார். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் கம்பி எங்கோ சிக்கி, பாதி திறந்த நிலையில் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. எஞ்சின் பிடித்ததும் மெதுவாக ஓடுவதற்குப் பதிலாக முழு வேகத்தில் சீறுகிறது. ஒற்றை ஆள் எஞ்சினின் உந்துவிசையே 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். அது சட்டத்தோடு சேர்ந்து அவர்மீது பாய்கிறது. மனிதனின் இயல்பு கையை நீட்டித் தடுப்பது. சட்டத்தில் கட்டியிருக்கும் வலை, சிறகின் கயிறுகள் விசிறிக்குள் போகாமலிருப்பதற்காகப் பின்னப்பட்டதே தவிர, அந்த விசையோடு வரும் கையைத் தடுப்பதற்காக அன்று. 1.25 மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 590 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால், விரல்கள் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தங்கள் மகன் பயிற்சிக்குச் சேரும் இடத்தில், எத்தனை மீட்டர் உயரம் பறக்கவிடுவார்கள் என்று விசாரிப்பதை விட, எஞ்சினை எப்படிக் கிளப்பக் கற்றுத் தருகிறார்கள் என்று விசாரிப்பது நல்லது. கிளப்புவதற்கு முன் த்ராட்டில் முழுவதும் தளர்ந்திருக்கிறதா என்று கையாலும் கண்ணாலும் பார்க்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். சட்டம் முன்னால் பாய முடியாதபடி உடலால் முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். விசிறியின் சுழற்சித் தளத்திலும் அதன் பின்புறத்திலும் ஒருவரும் இல்லை என்று உறுதிசெய்து, உரக்கக் குரல் கொடுத்த பிறகே கயிற்றை இழுக்க வேண்டும். நம் ஊரில் கடைசியாகச் சொன்னது மிகவும் கடினம். எஞ்சின் சத்தம் கேட்டவுடன் பிள்ளைகள் ஓடி வருவார்கள். கடற்காற்றில் முந்தானையும் துப்பட்டாவும் பறக்கும். கைப்பேசியோடு ஒருவர் பின்பக்கமாகவே வந்து நிற்பார். கயிறு கட்டி எல்லை வகுக்காமல் பொதுக் கடற்கரையில் எஞ்சினைக் கிளப்பும் நிறுவனத்திடம் மகனை ஒப்படைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

விரல் துண்டானால் முதலில் இரத்தத்தை அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். துண்டான பகுதியை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைத்தான் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். மீன்பெட்டி ஐஸில் நேரடியாக வைத்துவிட்டால் திசு கெட்டு, ஒட்டவைக்கும் வாய்ப்புக் குறைந்துவிடும்.

கேள்வி (தங்கச்சிமடம் மீனவர்): கச்சான் காற்று பலமாக இருக்கும் நாளில் நாங்கள் வள்ளத்தை இறக்குவதில்லை. இவர்கள் எந்தக் காற்றில் பறப்பார்கள்? விடியற்காலையில் கடல் அமைதியாகக் கிடக்கும்போது பறந்தால் ஆபத்து இல்லைதானே?

பதில்: தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் முக்கியமானது. முதல் பகுதியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பாம்பன் பாலத்தில் இரயில் ஓடிய காலத்தில், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அதை நிறுத்திவிடுவார்கள். பாராமோட்டாருக்கு அதில் பாதிகூட ஆகாது. புதிதாகக் கற்பவர்கள் பயன்படுத்தும் சிறகு இயல்பாக மணிக்கு 36 கிலோமீட்டர் அளவில்தான் முன்னேறும் என்பதால், 20 கிலோமீட்டர் காற்றே பெரும்பாலானோருக்கு எல்லை. அலைமுகடுகளில் ஆங்காங்கே வெண்ணுரை தோன்றத் தொடங்கினால் காற்று 12 முதல் 19 கிலோமீட்டர் வரை இருக்கிறது; கடல் முழுவதும் அடிக்கடி வெண்ணுரை தெரிந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. காற்றுமானி இல்லாவிட்டாலும் தங்களைப் போன்றவர்கள் கரையில் நின்றே இதைச் சொல்லிவிடுவீர்கள். சராசரி வேகத்தை விடவும் மோசமானது, அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்குவது.

இனி விடியற்காலை. சூரியன் எழுந்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் பறப்பதே நல்லது என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். மணல் சூடேறி அனல் காற்று குமிழ் குமிழாக எழும்புவதற்கு முந்தைய நேரம் அது என்பதால் அந்த அறிவுரை சரியே. ஆனால் அதே விடியலில்தான் இரவெல்லாம் குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கிக் கரைக்காற்று வீசுகிறது. பாய்மரக் காலத்தில் படகுகள் அதைப் பிடித்துத்தான் கடலுக்குள் போயின. தங்களுக்கு உதவிய அந்தக் காற்று, எஞ்சின் நின்றுபோன பாராமோட்டாரையும் அதே திசையில்தான் கொண்டு போகும். போதாததற்கு, தரையில் இலை அசையாத விடியலிலும் 100, 150 மீட்டர் உயரத்தில் காற்று வேகமாக ஓடிக்கொண்டிருக்கலாம். கடல் தூங்குவது போலத் தெரிவதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

காற்று கடலிலிருந்து கரைக்கு வந்தாலும் ஒரு கவனம் வேண்டும். பனந்தோப்பு, சவுக்குத் தோப்பு, மாடிக் கட்டடம் ஆகியவற்றைத் தாண்டி வரும் காற்று, அவற்றின் மறுபுறம் சுழன்று புரளும். 15 மீட்டர் உயரமுள்ள பனைவரிசைக்குப் பின்னால் 150 மீட்டர் தொலைவு வரைக்கும் அந்தப் புரட்டு இருக்கலாம். தரையிறங்குவதற்குச் சற்று முன் இதில் மாட்டினால் சிறகின் ஒரு பக்கம் மடிந்துவிடும். அது மறுபடி விரிவதற்குத் தேவையான உயரம் அப்போது இருக்காது.

கேள்வி (ராமேசுவரம் வாசகர்): தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் இருபுறமும் கடலுக்கு மேலே பறந்தால் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். உயிர்காப்பு உடை அணிந்துகொண்டால் போதாதா?

பதில்: போதாது.

இரட்டை வீச்சு எஞ்சின் முன்னறிவிப்பின்றி நிற்கக்கூடியது. ஸ்பார்க் பிளக் கரிபிடித்தாலே போதும். ஆகவே பறக்கும் ஒவ்வொரு நொடியும், "இந்த இடத்தில் எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவேன்?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். வயல்வெளியில் இது எளிது. எஞ்சின் நின்ற பாராமோட்டார் கல்லைப் போல விழுவதில்லை, வழுக்கிக்கொண்டே இறங்கும். ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஐந்து மீட்டராவது முன்னே போகும் என்று வைத்துக்கொண்டால், 150 மீட்டர் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் 750 மீட்டர் வரை போகலாம். எதிர்க்காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால், 36 கிலோமீட்டரில் செல்லும் சிறகின் தரைவேகம் பாதியாகி, அந்த 750 மீட்டர் 375 ஆகச் சுருங்கிவிடும். கையிலிருக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றேதான்: ஒன்றேகால் நிமிடம்.

தனுஷ்கோடியின் அமைப்பை இந்தக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் மெல்லிய மணல் நாக்கு. அந்த நாக்கின் குறுக்கே எந்தக் காற்று வீசினாலும் ஒரு பக்கம் அது கரையை விட்டு வெளியே தள்ளும் காற்றாகவே இருக்கும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கம் அலையின்றி வழவழவென்று தெரியும். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான பக்கம். உண்மையில் அங்கே எஞ்சின் நின்றால் கரை எதிர்க்காற்றின் திசையில் இருக்கும். வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழாகி, தெற்குப் பக்கம் பொறியாகிறது. அலையடிக்கும் பக்கத்தில் பறப்பவரைக் காற்றே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

நீரில் இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால், உயிர்காப்பு உடை ஏன் போதாது என்பது விளங்கும். இடுப்பிலும் தொடையிலும் பட்டைகள் இறுக்கிய நிலையில் முதுகில் 30 கிலோ எஞ்சின் இருக்கிறது. உடையின் மிதவை மார்பைத் தூக்கப் பார்க்கிறது, எஞ்சின் முதுகை அமுக்கப் பார்க்கிறது. பல நேரங்களில் முகம் நீருக்குள் கவிழ்ந்துவிடுகிறது. அதற்குள் சிறகு மேலே வந்து விழுந்து, மெல்லிய கயிறுகள் கைகால்களைச் சுற்றிக்கொள்கின்றன. நீரோட்டம் சிறகுக்குள் புகுந்தால் அது நங்கூரம் போல நிரம்பி இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் ஆழமற்ற நீரில் இப்படி இறந்திருக்கிறார்கள்.

எனவே நீரோரம் பறப்பவர்கள், தண்ணீர் பட்டதும் தானே ஊதிக்கொள்ளும் மிதவையை எஞ்சின் சட்டத்திலேயே பொருத்த வேண்டும். அது எஞ்சினையும் ஆளையும் சேர்த்து மிதக்கவைக்கும். கைக்கெட்டும் இடத்தில் கொக்கிக் கத்தி ஒன்று வேண்டும். நீரில்தான் இறங்கப் போகிறோம் என்று உறுதியானதும் மார்புப் பட்டையைக் கழற்றி, தொடைப் பட்டைகளைத் தளர்த்தி, கால் நீரில் பட்டபின் வெளியேற வேண்டும். முன்னதாகவே குதித்துவிடக் கூடாது: பளிங்கு போன்ற நீர்ப்பரப்பின் மேல் உயரத்தைக் கண் சரியாக அளக்காது, மூன்று மீட்டர் என்று நினைப்பது பதினைந்தாக இருக்கலாம். இவ்வளவும் செய்தாலும், கரைக்கு வழுக்கி வர முடியாத தொலைவுக்குள் போகாமலிருப்பதற்கு ஈடாகாது. அரிச்சல்முனையின் அழகைச் சாலையில் நின்று பார்ப்பதில் குறைவொன்றும் இல்லை.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): அவசரகாலப் பாராசூட் ஒன்று இருக்குமாமே, அது எந்த உயரத்திலும் காப்பாற்றுமா?

பதில்: அது விரிய உயரம் வேண்டும்; தாழப் பறப்பவருக்கு அது பெரும்பாலும் இருந்தும் இல்லாததே. ஐரோப்பியத் தர விதியின்படி அது இறங்கும் வேகம் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மிகக் கூடாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் ஏற்படும் அதிர்ச்சி அது. கணுக்கால் முறியலாம், உயிர் தப்பும். அதை வீசி விரிப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்தாவிட்டால் அதன் பட்டை விசிறியில் சிக்கக்கூடும். கூட்டத்துக்கு வேடிக்கை காட்டத் தலைக்கு மேல் பத்து மீட்டரில் வளைந்து வளைந்து பறப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். அனுபவம் மிக்க ஓட்டிகளும் தாழ்ந்த உயரத்தில் கூர்மையாகத் திரும்பும்போது இறந்திருக்கிறார்கள் என்பதால், அந்தக் காட்சிக்கு யாரும் கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பரமக்குடி வாசகர்): குடும்பத்தோடு வரும்போது பயணியாக ஒரு முறை ஏறிப் பார்க்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தொடைப் பட்டைகள். பயணி இருக்கையிலிருந்து நழுவி விழுந்த விபத்துகளின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில் பாராகிளைடரில் சென்ற தெலங்கானா சுற்றுலாப் பயணி ஒருவர் இறந்தபோதும், பட்டை சரியாகப் பூட்டப்படவில்லை என்ற புகாரின்பேரில் ஓட்டி கைது செய்யப்பட்டார். இரு தொடை, மார்பு ஆகிய மூன்று பூட்டுகளையும் ஓட்டி பூட்டிய பிறகு, தாங்களே இழுத்துப் பாருங்கள். அதில் அவர் எரிச்சல் அடைந்தால் இறங்கி வந்துவிடுங்கள்.

அடுத்து, சுற்றிலும் பாருங்கள். 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலை பாபநாசம் கடற்கரையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பயணி ஒருவரும் அவரை அழைத்துச் சென்ற பயிற்சியாளரும் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொங்கிப் பிழைத்தார்கள். விளக்குக் கம்பத்தை விடக் கொடியது மின்கம்பி. மேலேயிருந்து பார்க்கும்போது கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பங்களின் வரிசையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். சாலையோர மின்பாதைக்கும் கடலுக்கும் இடையே குறுகலான மணல் மட்டுமே உள்ள இடத்தில் ஏற வேண்டாம். தளர்ந்த உடை, தொங்கும் கைப்பேசி, கழுத்துத் துண்டு எதுவும் கூடாது. பின்னால் இருப்பது விசிறி. கருவுற்றவர்களும் இதய நோய், முதுகு வலி உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். தனிநபர் விபத்துக் காப்பீடுகளில் சாகச விளையாட்டு பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிய நண்பர் தம்முடைய பழைய பாராமோட்டாரைக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: எஞ்சினைப் பார்த்து விலை பேசாதீர்கள், துணியைப் பாருங்கள். பாலைவன வெயில் நைலானை உளுத்துப்போகச் செய்யும். பார்வைக்குப் புதிதாகவே இருக்கும், துணி வழியே காற்று கசியும். காற்றுக்கசிவையும் கயிறுகளின் வலிமையையும் கருவியால் அளந்த அறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது. சிறகின் பின்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே தங்கிய மணல் நெருடினால் அந்தச் சிறகு இயல்பை விட முன்னதாகவே பறக்கும் தன்மையை இழக்கக்கூடும். கடல்நீர் பட்டிருந்தால், நன்னீரில் அலசாதவரை உப்புப் பரல்கள் துணியின் பூச்சை அரித்துக்கொண்டே இருக்கும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். ஆயில் கலந்து வாரக்கணக்கில் வைத்திருந்த பெட்ரோலை ஊற்றிப் பறப்பது எஞ்சின் கோளாறை விலை கொடுத்து வாங்குவதாகும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): சொந்தத் தோட்டத்திலிருந்து பறப்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பதில்: 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டமே பட்டத்தையும் கிளைடரையும் வானூர்தி என்று வரையறுத்திருந்தது, அதன் இடத்தில் 2024-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. நிலம் சொந்தம் என்பதால் அதன் மேலுள்ள வான்வெளி சொந்தமாகிவிடாது. தங்கள் ஊரிலேயே கடற்படையின் பருந்து வான்தளம் இருக்கிறது. அங்கே ஹெலிகாப்டர்களும் ஆளில்லா விமானங்களும் தாழ்வாகவே வந்து போகும். அவற்றுக்குத் தாங்கள் தெரிய மாட்டீர்கள், எஞ்சின் இரைச்சலில் அவை தங்களுக்குக் கேட்கவும் மாட்டா. விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கடற்படை, மாவட்ட நிர்வாகம், காவல்துறை ஆகியோரின் எழுத்துவழி இசைவு இல்லாமல் அங்கே எஞ்சினைக் கிளப்புவது பாதுகாப்புக் குற்றமாகவே பார்க்கப்படும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. 2025-இல் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. கூட்டமாக எழும் பறவைகளுக்குள் சிறகு புகுந்தால் இரு தரப்புக்கும் கேடு. சுற்றுலா நிறுவனம் என்றால், 2018-இல் வெளியான இந்தியச் சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் பாராமோட்டாருக்குத் தனிப் பகுதியே உண்டு. அதை அவர்கள் படித்திருக்கிறார்களா என்று கேட்கலாம்.

கேள்வி (பாம்பன் மீனவர்): கடலில் ஒருவர் விழுந்தால் முதலில் போய்ச் சேருவது எங்கள் படகாகத்தான் இருக்கும். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: துணி எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாக நெருங்குங்கள். சற்றுத் தொலைவிலேயே படகின் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் போங்கள். அந்தக் கயிறுகள் படகு விசிறியில் சுற்றினால் கயிற்றோடு ஆளையும் இழுத்துவிடும். துணியை இழுக்காதீர்கள், கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். முதலில் முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பிறகு இரு தொடைப் பட்டைகளையும் மார்புப் பட்டையையும் மீன் வெட்டும் கத்தியால் அறுங்கள். அறுத்தவுடன் எஞ்சின் தானே பிரிந்து அமிழும். அதைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

படகில் ஏற்றும்போது கழுத்தும் முதுகும் வளையாமல் பலகை மீது கிடத்துங்கள். மூச்சு இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். மூச்சு இல்லையென்றால் தலைக்கவசத்தை மெல்ல எடுத்துவிட்டு, வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் மார்பை அழுத்துவதையும் உடனே தொடங்கி, கரை சேரும் வரை தொடருங்கள். இன்னொருவர் கடலோரக் காவல்படையின் 1554-க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ பேசட்டும். கரையில் 108 காத்திருக்க வேண்டிய இறங்குதளத்தின் பெயரையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். நீரை விழுங்கியவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும்.